உன் காட்டெருமைக்கு எத்தனை பக்கம்?

அஸ்தம்பட்டி, சேலம்

வசந்தி,

எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஆடிக்குக் கோட்டை மாரியம்மனை நடந்தே போய்ப் பார்ப்பாராம். தட்டுவடை செட் கேட்டிருந்தாய். அதெல்லாம் கூரியரில் வந்து சேராது, நீதான் வரவேண்டும்.

கதை கிடைத்தது. நாவல்காரி புத்தி எங்கே போகும்? காட்டெருமை காப்பித் தோட்டத்துக்குள் நுழைவதற்கே ஒன்றரைப் பக்கம்! கறுத்த உடம்பு, வெள்ளை சாக்ஸ் போட்டது மாதிரி கால், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி, பனி. எல்லாவற்றையும் நீயே தீட்டிவிட்டால் நான் எதை வரைவது? குழந்தைகள் படப் புத்தகம், மொத்தமே 24 பக்கம். முதல் பக்கம் தலைப்புக்கு, கடைசிப் பக்கம் பதிப்பு விவரத்துக்கு. மீதி 22, விரித்து வைத்தால் 11 படம். அதற்குள் எருமை வரவேண்டும், பேரன் அலற வேண்டும், எருமை போகவேண்டும். பாதிக்கு மேல் பென்சிலால் அடித்திருக்கிறேன். ஓரத்தில் டிராயிங் சார் பாணியில் 'அதிகம், அதிகம்' என்றும் இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. 'பாட்டி கதவைச் சாத்தவில்லை' என்ற வரியை மட்டும் தொடமாட்டேன். அந்தப் பக்கத்தில் வேறு வார்த்தையே வேண்டாம். ஏன் சாத்தவில்லை என்பதைப் பாட்டியின் கையிலேயே காட்டிவிடுகிறேன்.

ஏற்காட்டுக்குப் போய் வரைந்துகொண்டும் வந்தாயிற்று. எஸ்டேட் வேலியோரம் ஒன்று நின்றது. அடேயப்பா, அந்த முதுகு! இரண்டு பக்கத்தையும் சேர்த்தால்தான் கொள்ளும். மூஞ்சி நடு மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின் அடித்த பிறகு ஒரு கண்தான் மிஞ்சும்.

அப்புறம், பதிப்பகத்தாரின் ஒப்பந்தம் வந்திருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. உனக்கு விலையில் 10 சதவீதம் ராயல்டி, அட்டையில் பெயர். எனக்கு ஒரே தடவையாக ஒரு தொகை. பெயர் உள்ளே, அச்சகத்தின் பெயருக்கு மேலே. படங்களின் உரிமை 'நிரந்தரமாக' அவர்களுக்கு. அந்த வார்த்தையைச் சும்மா போடவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும்; காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷத்துக்குத்தான். நாளைக்கு நம் எருமையை டிபன் பாக்ஸில் அச்சடித்து விற்றாலும் எனக்குப் பைசா வராது.

இவர்களை மட்டும் சொல்லி என்ன? சிறுவர் புத்தகங்களுக்கான உலக விருது, ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது, அதையே எழுத்தாளருக்கு 1956-இல் கொடுத்தார்கள், ஓவியருக்குக் கொடுக்க 1966 ஆகிவிட்டது.

உன் பிழைப்பும் ராஜவாழ்க்கை இல்லை. சில நூறு பிரதி அடித்துவிட்டு, நூலக ஆர்டர் வருமா என்று காத்திருப்பவள்தான் நீயும். ஆனால் உன் பழைய நாவல் இன்றைக்கும் உன்னுடையது. நான் இத்தனை வருஷமாக வரைந்ததில் ஒன்றுகூட என்னுடையது இல்லை, வசந்தி. போன மாதம் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் என் முயலைப் பார்த்தேன். எவனோ காப்பியடித்திருக்கிறான், காதைக்கூட ஒழுங்காகப் போடவில்லை.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ராயல்டி ஆளுக்குப் பாதி, அட்டையில் இரண்டு பெயர், படங்களின் உரிமை இந்தப் புத்தகத்துக்கு மட்டும் என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். உன் 10 அப்போது 5 ஆகிவிடும். நீ சரி என்றால் நாளைக்கே அனுப்புகிறேன். முடியாது என்றாலும் எருமையை வரையத்தான் போகிறேன், வேறு யார் கதைக்காவது. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று மட்டும் எழுதாதே. நீ யோசித்துக்கொண்டிருக்கும் நாவல்கள் டிரங்குப் பெட்டியில் கிடப்பது எனக்குத் தெரியும்.

மலர்