வேங்கோஸ் என்பது திட்டு இல்லையாம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் வலது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. மாடிப்படி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகல் முழுக்க, பையன் வாங்கித் தந்த டேப்லெட்தான் துணை.

அதில் ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. அந்தக் கிரேக்கக் கப்பலில் நம் சீஃப் இன்ஜினியர் கிழவர் உன்னைக் கண்டாலே "வேங்கோஸ்! வேங்கோஸ்!" என்று கத்துவாரே, ஞாபகம் இருக்கிறதா? கெட்ட வார்த்தை என்று நினைத்து இரண்டு நாள் அவருக்கு முகம் கொடுக்காமல் திரிந்தாய். அது திட்டே இல்லையடா, ஒரு நடிகரின் பெயர். தனாசிஸ் வேங்கோஸ். நிற்க நேரமில்லாமல் அலைகிறவனை 'வேங்கோஸ் மாதிரி ஓடுகிறான்' என்பது அவர்கள் வழக்கு. நீ ஸ்பானரும் கையுமாக இன்ஜின் ரூமுக்கும் மேல்தளத்துக்கும் ஓடிய ஓட்டத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பார்?

ஒரு மாதமாக அந்த மனிதரின் படங்கள்தான் பார்க்கிறேன். பாதிக்கு சப்டைட்டில் கிடையாது, தேவையும் படவில்லை. வழுக்கைத் தலை, ஒல்லி உடம்பு, கண்ணில் எப்போதும் ஒரு பதற்றம். மாடியிலிருந்து குதிக்கிறார், கண்ணாடியில் மோதுகிறார், எல்லாம் அவரே. எதிரே வருகிறவன் யாரானாலும் "என் நல்ல மனிதரே" என்றுதான் கூப்பிடுவார். அந்த மூன்று வார்த்தை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிறந்தது 1927இல், நாம் கரையிறங்கிச் சுற்றிய பிரேயஸை ஒட்டிய நியோ ஃபலிரோவில். அப்பாவுக்கு அங்கே மின் நிலையத்தில் வேலை. இரண்டாம் உலகப் போரில் நாட்டைப் பிடித்த ஜெர்மன்காரர்களை எதிர்த்தவர். சண்டை முடிந்ததும் பாராட்டுவார்கள் என்றுதானே நினைப்போம்? இடதுசாரி என்று வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். மகன் ராணுவச் சேவைக்குப் போனபோது அனுப்பியது மக்ரோனிசோஸ் என்ற வறண்ட தீவுக்கு. சந்தேகப்பட்ட சிப்பாய்களை அடித்து 'திருத்துகிற' முகாம் அது. 1948 முதல் 1950 வரை அங்கே இருந்திருக்கிறார். நிக்கோஸ் குண்டூரோஸ் என்பவரும் அங்கே அடைபட்டிருந்தார். பின்னாளில் பெரிய இயக்குநர். அவர் தன் முதல் படத்தை 1954இல் எடுத்தபோது தீவுக் கூட்டாளியை மறக்காமல் கூப்பிட்டு ஒரு வேடம் கொடுத்தார். அப்படித்தான் சினிமாவுக்குள் வந்தார் வேங்கோஸ். நடிப்புப் பள்ளிப் பக்கமே போனதில்லை. செட்டில் சாமான் தூக்குவார், நடுவில் ஒரு காட்சியில் தலைகாட்டுவார்.

அறுபதுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆள், சொந்தக் கம்பெனி தொடங்கினார். கம்பெனிப் பெயரிலேயே 'சிரிப்புப் படங்கள்' என்று இருக்கும். ஜேம்ஸ் பாண்டைக் கிண்டல் செய்யும் மொட்டைத் தலை உளவாளியெல்லாம் அந்தக் காலத்து வரவு. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கம்பெனியோ கடனில் மூழ்கியது. அதற்கப்புறம் படத்தில் அவர் ஓடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்போடு வேறொன்றும் வருகிறது. யாரோ துரத்தி ஓடுகிற ஓட்டமாகத் தெரியவில்லை. மாசக் கடைசியில் நம் அப்பாமார் ஓடிய ஓட்டம். (உடனே நம் ஊர் நடிகர் பெயர் ஒன்றைச் சொல்லி ஒப்பிட்டு எழுதாதே, உன்னைத் தெரியும் எனக்கு.)

நீ பார்ப்பதானால் 1971இல் டினோஸ் கட்சூரிடிஸ் இயக்கியதை முதலில் பார். 'போரில் நீ என்ன செய்தாய், தனாசிஸ்?' என்று அர்த்தம் வரும் தலைப்பு. ஜெர்மன் ஆக்கிரமிப்பில் ஏதென்ஸ் பட்டினி கிடந்த காலக் கதை. எடுத்ததோ கிரீஸில் ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது. சீருடை போட்டவனைக் கண்டு நடுங்கும் சாதாரண ஆளைத் திரையில் காட்டினால், கொட்டகையில் இருப்பவனுக்குப் புரியாதா என்ன? தெசலோனிக்கி திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அதற்குத்தான். வேங்கோஸ் இறந்தது 2011 மே மாதம். அதே வருஷம் நவம்பரில் கட்சூரிடிஸும் போய்விட்டார்.

என்னை உலுக்கியது இன்னொரு படம். 1995இல் ஆஞ்சலோபுலோஸ் என்ற கிரேக்க இயக்குநர் எடுத்தது, அதில் இவர் டாக்ஸி டிரைவர். நகைச்சுவை துளியும் இல்லை. அல்பேனியாப் பயணத்தில், பனியில் வண்டி நின்றுவிடுகிறது. கிரேக்க நாடு செத்துக்கொண்டிருக்கிறது என்கிறார். வயதான முகம், சுற்றிலும் வெள்ளை. இந்த மனிதர் ஓடாமல் நிற்பதை நான் பார்த்தது அங்கேதான். அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பி நாலு தரம் போட்டுப் பார்த்தேன். "படம் மாட்டிக்கிச்சா?" என்று வீட்டுக்காரி வந்து கேட்டாள்.

சரி, முட்டி கொஞ்சம் தேறியதும் பேத்தியைப் பார்க்க வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீயே வா, ஆனால் ஓடி வராதே.

உன்
பழைய கேபின் கூட்டாளி