கியர் ஆயில், ஓ-ரிங், பூட்டிய சாஃப்ட்வேர்: சொகுசுக் கார் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சொகுசுக் கார் நிறுவனங்களின் சர்வீஸ், உதிரிபாகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய உங்கள் கார்களை வாங்கி, சொந்தக் கையால் கழற்றி மாட்டி ஓட்டுகிறவர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். காயலான் கடைக்குப் போய்ச் சேர்கிற பழைய சொகுசுக் காரைத் திறந்து பார்த்தால், எஞ்சின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. விரல் பருமன் ரப்பர் சீலோ, காலத்தில் மாற்றாத ஆயிலோதான் அதை அங்கே அனுப்பியிருக்கும். இந்த இரண்டும் உங்கள் கையில் இருக்கிற விஷயங்கள்.

முதலில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் தொடங்கி ஜாகுவார், ரேஞ்ச் ரோவர் வரை பல கார்களில் இருப்பது இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 6எச்பி26 கியர்பாக்ஸ். கார் விற்றவர்கள் இதன் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்றார்கள். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனிலேயே அப்படி ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டில் மாற்றச் சொல்கிறது. இரண்டில் எதை நம்புவது என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. பேனைக் கழற்றி, காந்தங்களில் படிந்திருக்கும் கருஞ்சேற்றைப் பார்த்த எவருக்கும் இருக்காது. ஆயிலின் உராய்வுக் குணம் மங்கியதும் எஞ்சின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள், இரு பக்கத்தையும் நேரடியாகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்ச் வழுக்கத் தொடங்குகிறது. சீரான வேகத்தில் போகும்போது சாலை கரடுமுரடானதுபோல் ஒரு நடுக்கம் வரும். அப்போதும் கவனிக்காவிட்டால் கிளட்ச் தூள், ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வுகளான சோலனாய்டுகளை அடைக்கும்.

வேலை ஒன்றும் பெரியதல்ல; வரிசை தவறினால்தான் வில்லங்கம். வடிக்கும் பிளக்கைத் தொடுமுன் ஊற்றும் பிளக்கைத் திறந்து பார்த்துவிட வேண்டும். வடித்த பிறகு ஊற்றும் பிளக் வரவில்லை என்றால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஃபில்டர் பிளாஸ்டிக் பேனோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. எனவே பேனையே மாற்ற வேண்டும். அதன் போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, மென்மையாக இறுக்க வேண்டும். அதிகம் முறுக்கினால் பேன் நெளிந்து ஓரத்தில் கசியும். நிரப்பும்போது கார் நான்கு பக்கமும் சமமட்டத்தில் இருக்க, எஞ்சின் ஓட, கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, ஆயில் வெப்பநிலை 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது ஊற்றும் துளையில் மெல்லிய சரடாக வழிய வேண்டும். சூடான ஆயில் விரிந்து நிற்கும். 70 டிகிரியில் அளவு பார்த்து மூடினால் உண்மையில் குறைவாகத்தான் நிரப்பியிருப்போம். பேனை இறக்கினாலும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது வடியாது. ஆகவே மிகப் பழைய ஆயில் என்றால் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி ஒருமுறை வடித்து நிரப்புவதே நல்லது.

பேன் கழன்றிருக்கும்போதே இரண்டு சீல்களையும் பார்த்துவிட வேண்டும். ஒயர் பிளக் நுழையும் பிளாஸ்டிக் குழலின் ஓ-ரிங்குகள் (வட்ட ரப்பர் சீல்கள்) இறுகிப்போய் வெளியே கசியும். பலர் இதைப் பேன் கசிவு என்று நினைத்து கேஸ்கட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்னொன்று, வால்வுகளும் மின்னணுக் கட்டுப்பாடும் சேர்ந்த மெகாட்ரானிக் பாகத்துக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் நடுவே இருக்கும் செவ்வகப் பாலச் சீல். அது உள்ளுக்குள்ளேயே அழுத்தத்தைக் கசியவிடும், தரையில் ஒரு சொட்டும் விழாது. கியர் விழத் தாமதமாகிறது, எஞ்சின் வீணாக உறுமுகிறது என்றால் கியர்பாக்ஸையே இறக்குவதற்கு முன் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உங்கள் சர்வீஸ் கவுண்ட்டர்களில் இந்த அறிகுறிகளைச் சொன்னால் வருகிற முதல் பதில், ‘புது கியர்பாக்ஸ்’.

மெர்சிடீஸின் 722.6 ஐந்து கியர் பெட்டியிலும் இதே கதைதான். அளவு பார்க்கும் குழாய் இருக்கிறது, உள்ளே குச்சி இல்லை. குச்சி ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் என்று முடிவெடுத்தீர்கள். அதன் 13 முனை பிளக்கின் ஓ-ரிங் இறுகினால் ஆயில் ஒயரின் இழைகளுக்குள்ளேயே ஏறி, கியரை இயக்கும் கம்ப்யூட்டரான கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடுகிறது. கியர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும் பழைய மெர்சிடீஸில் முதலில் அந்தப் பெட்டியின் பிளக்கைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள் என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்தது, பிஎம்டபிள்யூவின் என்62 வி8 எஞ்சினின் நடுப்பள்ளத்தில் ஓடும் கூலண்ட் குழாய். அதன் முன்முனை ரப்பர் சீல் காய்ந்ததும் வாட்டர் பம்ப்புக்குப் பின்னால் இருக்கும் சிறு துளை வழியே கூலண்ட் சொட்டும். உங்கள் முறைப்படி மாற்ற எஞ்சினின் முன்பக்க டைமிங் கவர்களை எல்லாம் பிரிக்க வேண்டும். குழாயின் விலையைக் கூலி பன்மடங்கு தாண்டிவிடும். வெளியார் என்ன செய்தார்கள்? பழைய குழாயை அறுத்து எடுத்துவிட்டு, நீளத்தைச் சுருக்கி உள்ளே நுழைத்தபின் விரித்துப் பூட்டும் குழாயைச் செய்தார்கள். எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டையும் வாட்டர் பம்ப்பையும் கழற்றினால் போதும். இந்தப் பாகத்தை யோசிக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில் ஒரு கெடுதல் அடுத்ததை இழுத்துவரும். ரப்பர் பை மடியும் இடத்தில் நுண்ணிய வெடிப்பு வரும். கார் இரவில் ஒரு மூலையில் தாழும். காலையில் கம்ப்ரஸர் வழக்கத்தைவிட நெடுநேரம் ஓடும். அதன் பிஸ்டன் ரிங் தேயும், ஈரம் உறிஞ்சும் மணிகள் நனைந்து செயலிழக்கும், கடைசியில் அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு சாவியை எடுத்த பின்னும் கம்ப்ரஸர் ஓடி எரியும். ரிலேயை மாற்றாமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதியதும் எரியலாம். தாழும் மூலையில் பையின் மடிப்பிலும் மேல்முனைக் குழாய் இணைப்பிலும் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். புதிய பையை மாட்டினால் காற்று ஏற்றிய பிறகே வண்டியின் எடையை அதன்மேல் இறக்க வேண்டும். வெறும் பை கோணலாக மடிந்தால் அன்றே கிழியும். பிஸ்டன் ரிங், உலர்த்தும் மணிகள், குழாய் இணைப்பு இவற்றைத் தனித்தனியாக விற்காமல் முழுக் கம்ப்ரஸராகவே விற்பது ஏன்? டொயோட்டா, லெக்ஸஸ் எல்எஸ் 400-இன் பவர் ஸ்டீயரிங் பம்ப்புக்குச் சீல் செட்டைத் தனியாக விற்றது. அந்தப் பம்ப் கசிந்தால் எண்ணெய் நேரே கீழே இருக்கும் ஆல்டர்னேட்டரில் விழும். சிறிய சீல் செட், பெரிய செலவைத் தடுத்துவிடுகிறது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. நிறுத்திய கார் உறங்கிய பின் 50 மில்லிஆம்பியருக்குள் இழுப்பது சரி. அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 90 ஆம்பியர்-மணி பேட்டரியில் நான்கு நாளில் பாதி காலி. மின்சாரத்தைத் திருடும் சர்க்யூட்டைத் தேட ஃபியூஸைப் பிடுங்கக் கூடாது, உறங்கிய மாட்யூல்கள் (காரின் சிறு கம்ப்யூட்டர்கள்) விழித்துவிடும். கதவு, பானட் பூட்டுகளை ஸ்க்ரூடிரைவரால் மூடி ஏமாற்றி, சாவியைத் தொலைவில் வைத்து, அரைமணி நேரமாவது காத்திருந்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் மில்லிவோல்ட் பார்க்க வேண்டும். இதுவரை எங்களால் முடிகிறது. ஆனால் புதிய பேட்டரியை மாட்டியதும் அதைக் காருக்குப் பதிவு செய்யாவிட்டால், பழைய பேட்டரி என்றே நினைத்துச் சார்ஜ் செய்கிறது. இந்த ஒரு பதிவுக்கு எதற்கு ஒர்க்‌ஷாப் கம்ப்யூட்டர்? டேஷ்போர்டு மெனுவில் ஒரு வரி போதாதா?

உங்களால் முடியாது என்று சொல்ல வழியில்லை. 292 எண்ணிக்கை மட்டுமே செய்யப்பட்ட தன் 959 காருக்கு, கிளட்ச் ரிலீஸ் லீவரை 3டி பிரிண்டிங்கில் செய்து தருவதாக 2018-இல் போர்ஷே அறிவித்தது. சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் காருக்கு இவ்வளவு செய்பவர்கள், லட்சக்கணக்கில் விற்ற கார்களின் ஓ-ரிங்குக்குப் பாக எண் ஒதுக்கலாம்.

எனவே கேட்பது இவை: கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்களை மாற்றும் இடைவெளியையும், அளவு பார்க்கும் வெப்பநிலையையும் எல்லாரும் படிக்கும்படி வெளியிடுங்கள். கசியும் சீல்களைத் தனிப் பாகமாக விற்பனைக்கு வையுங்கள். பேட்டரிப் பதிவு, சஸ்பென்ஷன் உயரம் சரிசெய்தல், எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கை சர்வீஸ் நிலைக்குத் திறத்தல் ஆகிய மூன்றையும் காரின் கோளாறுகளைப் படிக்கும் சாதாரண ஸ்கேனருக்குத் திறந்துவிடுங்கள். திருட்டைத் தடுக்கும் சாவிக் குறியீடுகளை நாங்கள் கேட்கவில்லை. அவை பூட்டியே இருக்கட்டும்.

ஆயில் இடைவெளியை வெளியிட எந்த அச்சும் வார்க்க வேண்டாம், எந்தக் கிடங்கும் வேண்டாம். அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பழைய சொகுசுக் கார்களைக் கைப்படப் பழுதுபார்த்து ஓட்டுபவர்கள்