தோலில் பின்னால் உருவாகும் நஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோல் செருப்பால் பாதத்தில் வரும் அரிப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் பாளையங்கோட்டையில் செருப்புக்கடை நடத்தும் நான் படித்தேன். பதனிடுவோர் நச்சுக் குரோமியத்தையே தோலில் ஏற்றுகிறார்கள் என்ற எண்ணத்தை அது தருவதால் இக்கடிதம்.

பதனிடும் உருளையில் இடப்படும் குரோமியம் சல்பேட் மூன்று இணைதிறன் கொண்டது. அதனால் பெரிய தீங்கில்லை. தோலை மென்மையாக்க ஊட்டும் மீன் எண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப்போகும்போதும், புளிப்பை நீக்கும் கட்டத்தில் காரம் மிஞ்சும்போதும், சாயமேற்றுமுன் அம்மோனியா சேர்க்கும்போதும், பிறகு வெயிலும் வறண்ட சூடும் படும்போதும், அந்தக் குரோமியத்தில் ஒரு சிறு பங்கு ஆறு இணைதிறனுக்கு மாறுகிறது. ஒவ்வாமை தருவது அதுதான். ஆகவே தொழிற்சாலையை விட்டுச் சுத்தமாகப் புறப்பட்ட தோல்கூடக் கிடங்கில் கெடலாம். அக்கினி நட்சத்திரத்தில் திருநெல்வேலித் தகரக் கொட்டகை எப்படிக் காயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நானே ஒரு கோடை முழுவதும் அப்படித் தோலை அடுக்கி வைத்திருந்தேன். அந்தத் தோலில் தைத்த செருப்பை வாங்கிய ஒருவர், வார் பட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்த காலோடு திரும்பி வந்தார். சோதித்துப் பார்க்காததால் காரணம் இதுதான் என்று அறுதியிட முடியாது. ஆனாலும் அன்றே தோலை நிழலான அறைக்கு மாற்றிவிட்டேன்.

தடுக்கும் வழி கடினமன்று. எளிதில் காறாத எண்ணெயைத் தேர்ந்து, அம்மோனியாவைத் தவிர்த்து, இறுதியில் தோலைப் புளிப்புநிலையிலேயே நிறுத்தி நன்றாக அலசி, குரோமியத்துக்குப் பின் இரண்டாம் முறை பதனிடும் மறுபதனிடலில் வாட்டில் மரத்தின் பட்டைச்சாறு போன்ற தாவரத் துவர்ப்பொருளை 2 அல்லது 3 விழுக்காடு சேர்த்தால், அத்துவர்ப்பு ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்துவிடும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் மட்டுமே பதனிட்ட பழைய தோலில் குரோமியமே இல்லாததால் இந்தக் கவலைக்கே இடமில்லை. அதற்காக எல்லாரும் அதற்குத் திரும்ப வேண்டும் என்பது நடவாத பேச்சு. குரோம் தோலின் மென்மையும் விரைவும் அதில் வராது.

ஐரோப்பிய ஒன்றியம், உடலில் படும் தோற்பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்று 2015 மே முதல் நாளிலிருந்து கட்டாயமாக்கியுள்ளது. ஏற்றுமதிக்காகச் சோதிக்கும்போது, தோலை 80 பாகை செல்சியஸ் உலர்சூட்டில் 24 மணி நேரம் வைத்துப் பின்னர் அளப்பதும் உண்டு. சூடேற்றாமல் அளந்தபோது தேறிய தோல்கூட இதில் தவறுவதுண்டு. ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் எங்களைப் போன்ற உள்ளூர்க் கடைகளுக்கு வரும் தோலுக்கும் இந்தச் சூட்டுச் சோதனையின் முடிவை விலைப்பட்டியலோடு இணைத்துத் தர வேண்டும் என்று பதனிடுவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செருப்பு வியாபாரி ஒருவர்,
பாளையங்கோட்டை.