நீர் அனுமதிக்கு முன் முழுமையான சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கோரி மனு

அனுப்புநர்
நீர்த் திட்ட அறிக்கைகள் தயாரிக்கும் பணியில் உள்ள பொறியாளர்
(பெயர், முகவரி, கையொப்பம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
நீர்வளத் துறை

பொருள்: நீர் எடுக்கும் அனுமதி, புதிய நீர்த் திட்டங்களுக்கான ஒப்புதல் – எத்தனை லிட்டர் என்பதோடு நிறுத்தாமல் சுற்றுச்சூழல் பாதிப்பை முழுமையாக மதிப்பிட்ட பிறகே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தண்ணீர் எடுக்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் 'நாளொன்றுக்குத் தேவைப்படும் நீர் – கிலோ லிட்டரில்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதப்படும் எண்ணை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு எடுக்கப்படுகிறது. எண் பெரிதாக இருந்தால் கேள்வி எழுகிறது, சிறிதாக இருந்தால் கோப்பு நகர்ந்துவிடுகிறது. அந்த எண் நூற்றுக்கு நூறு சரியாகவே இருந்தாலும், அந்த நீரை எடுப்பதால் ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன ஆகும் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடிய கேள்விகளை விண்ணப்பத்திலும் திட்ட அறிக்கையிலும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எடுக்கும் நீரும் செலவாகும் நீரும் ஒன்றல்ல. அனல் மின் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். ஆற்று நீரை ஒருமுறை உள்ளே விட்டு, சூடேறியதும் திரும்ப ஆற்றிலேயே விடும் நிலையம் மிக அதிகமாக நீரை எடுக்கும், ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும். குளிர்விப்புக் கோபுரம் வைத்த நிலையம் அதில் சிறு பங்கைத்தான் எடுக்கும், எடுத்ததில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். லிட்டர் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டாவது நல்லது போலத் தெரியும். கோடையில் வற்றும் ஆற்றில் அதுவே பெரிய சுமையாகலாம். அதற்காக முதல் முறைதான் சரி என்றும் சொல்லிவிட முடியாது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சூடாகத் திரும்பும் நீரின் அளவு குறையாது, மீன்களுக்குத்தான் மூச்சுத் திணறும். விண்ணப்பத்தின் அந்த ஒற்றைக் கட்டத்தில் இவற்றில் எதற்கும் இடமில்லை.

எந்த இடம், எந்த மாதம் என்பதும் அதே அளவு முக்கியம். ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் மொத்தப் பரப்பை வடிநிலம் என்கிறோம். நீர் செழித்த வடிநிலத்தில் எடுக்கும் ஒரு லிட்டரும் வறண்ட வடிநிலத்தில் எடுக்கும் ஒரு லிட்டரும் சமமாகாது. இந்த வித்தியாசத்தை அளக்க 'அவேர்' என்ற முறை உலக அளவில் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு வடிநிலத்தில் கிடைக்கும் நீரிலிருந்து மனிதர்களின் தேவையையும் நீர்வாழ் உயிர்களின் தேவையையும் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து, உலகச் சராசரியோடு ஒப்பிட்டு எடுக்கும் லிட்டரோடு பெருக்க வேண்டிய ஒரு காரணியை, 0.1 முதல் 100 வரை, அது தருகிறது. அதாவது அதே ஒரு லிட்டரின் தாக்கம் இரண்டு இடங்களில் ஆயிரம் மடங்குவரை வேறுபடலாம். மாதவாரியாகவும் இந்தக் காரணிகள் உண்டு. ஆண்டுச் சராசரியில் நீர் தாராளமாக இருப்பதாகக் காட்டும் ஆறு, கோடையில் தடுப்பணைக்குக் கீழே அங்கங்கே குட்டைகளாக நின்றுவிடும். குட்டைகளுக்கு நடுவே பாறையும் மணலும்தான் இருக்கும், மீன்கள் எந்தப் பக்கமும் போக முடியாது. மழைக்காலத்து மிகுதி அந்த மீன்களுக்கு உதவுவதில்லை. ஆகவே ஆண்டுச் சராசரியை வைத்து அனுமதி கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு சிக்கல், விண்ணப்பங்களைத் தனித்தனியாகப் பார்ப்பது. ஒவ்வொன்றும் சிறியதாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றும் தாங்கக்கூடியதாகத்தான் தெரியும். நிலத்தடியில் நீரைத் தேக்கிவைத்திருக்கும் ஒரே நீர்த்தாங்கியில் இறங்கும் ஆழ்துளைக் கிணறுகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் ஒரு தாள் கோப்பில் இல்லாதவரை, ஊற்று வற்றிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். புதிய அனுமதிக்கு முன் அந்த வடிநிலத்தில் ஏற்கெனவே கொடுத்த அனுமதிகள் மொத்தம் எவ்வளவு என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும்.

இதுவரை சொன்னது நீரைப் பயன்படுத்துவோர் பற்றி. நீரைக் கொண்டுவரும் அமைப்புகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. குடிநீர் கொடுப்பதும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் நல்ல காரியங்கள் என்பதால், அவற்றுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பே இல்லை என்பதுபோல நடந்துகொள்கிறோம். ஒரு கிலோ லிட்டர் நீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றவே, எந்த இழப்பும் இல்லாவிட்டாலும், 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பிலும் மோட்டாரிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் 0.4 யூனிட்டைத் தொட்டுவிடும். கடல்நீரை எதிர் சவ்வூடு பரவல் முறையில், அதாவது மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரித்து, குடிநீராக்கினால் ஒரு கிலோ லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை ஆகும். அதோடு முடிவதில்லை. உள்ளே இழுக்கும் கடல்நீரில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் நன்னீராகிறது. மிச்சமெல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு கடலுக்கே திரும்புகிறது. அடர்த்தி அதிகமான அந்த நீர் சரியாகக் கலக்காவிட்டால் கடலடியில் படிந்து பரவும். சவ்வுகளில் உப்புப் படியாமல் இருக்கச் சேர்க்கும் வேதிப்பொருட்களும் அதில் இருக்கும். வேறு வழியே இல்லாத இடத்தில் இந்தத் திட்டம் தேவைப்படலாம். வேறு வழி இருக்கிறதா என்று பார்க்காமலேயே அதற்குப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

பெரும்பாலும் அந்த வேறு வழி ஏற்கெனவே இருக்கும் குழாய்களில்தான் இருக்கிறது. அனுப்பும் 100 லிட்டரில் 25 லிட்டர் வழியிலேயே கசிந்துபோனால், வீட்டுக்கு வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மின்சாரமும் குளோரினும் படிகாரமும் செலவாகிறது. ஆற்றிலிருந்தும் அதே அளவு கூடுதலாக எடுக்கிறோம். ஆனால் புதிய ஆதாரம் தேடும் திட்ட அறிக்கைகளில் 'மாற்று வழிகள்' என்ற பகுதியில் இரண்டு மூன்று புதிய ஆதாரங்களை ஒப்பிடுவதோடு சரி, கசிவை அடைப்பது ஒரு மாற்று வழியாகவே வருவதில்லை. அதை முதல் மாற்றாகக் கணக்கிட்டுக் காட்டாத அறிக்கையைத் துறை திருப்பி அனுப்ப வேண்டும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் இதேபோல மறைந்திருக்கும் கணக்குகள் உண்டு. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளுக்காகக் காற்றைச் செலுத்தும் காற்றூட்டத் தொட்டிகள் மின்சாரத்தை விழுங்குகின்றன. நைட்ரஜனை நீக்கும் வேதிவினைகளில் வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கசடை எங்கே கொட்டுகிறோம் என்பது தனிக்கதை. தொழிற்சாலைகளில் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்று விதிப்பது ஆற்றைக் காக்கும், அதை நான் வரவேற்கிறேன். ஆனால் கடைசிச் சொட்டுவரை ஆவியாக்கக் கடல்நீர்ச் சுத்திகரிப்பைவிடப் பல மடங்கு ஆற்றல் வேண்டும், முடிவில் யாருக்கும் வேண்டாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கும். ஆற்றிலிருந்து எடுத்த சுமையைக் காற்றிலும் மண்ணிலும் இறக்கிவைத்திருக்கிறோமா என்பதையும் மதிப்பீடு காட்டியாக வேண்டும்.

சிக்கன நீர்ப்பாசனத்திலும் இதைக் கவனிக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்தால் வயலில் குறைவாக விடுகிறோம். முன்பு வயலிலிருந்து கசிந்து நிலத்தடிக்கும் ஓடைக்கும் போன நீரும் அதனால் குறைகிறது. மிச்சமான நீரை வைத்துக் கூடுதல் நிலத்தில் பயிரிட்டால், வடிநிலத்தில் மொத்தச் செலவு குறைவதற்குப் பதில் கூடிவிடும். உலகில் மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் வேளாண்மைக்கே போகிறது என்பதால் இது சின்ன விஷயமல்ல. சேமிப்பை வயல் வரப்போடு நிறுத்தாமல் வடிநில அளவில் அளக்கச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நீர்த்தடத்தை, அதாவது ஒரு பொருளோ செயலோ நீர்மீது உண்டாக்கும் பாதிப்பைக் கணக்கிடுவதற்கான ஐ.எஸ்.ஓ. 14046 என்ற சர்வதேசத் தரநிலை 2014-லேயே வந்துவிட்டது. ஒரு பொருளோ திட்டமோ பிறந்ததிலிருந்து கழிக்கப்படும்வரை என்னென்ன பாதிப்பு உண்டாக்குகிறது என்று பார்க்கும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 14040 இருக்கிறது. நீர்த்தடம் ஒன்றை மட்டும் வைத்து ஒட்டுமொத்தச் சுற்றுச்சூழல் பாதிப்பையும் சொல்லிவிட முடியாது என்பதால் இரண்டும் சேர்ந்தே வேண்டும். மழைநீரைப் பச்சை நீர் என்றும், ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் நீல நீர் என்றும், மாசை நீர்க்கச் செய்யத் தேவைப்படும் அளவைச் சாம்பல் நீர் என்றும் பிரித்துவிட்டு, கடைசியில் மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிக் கூட்டிய எண்ணைத் துறை ஏற்கக் கூடாது. மூன்றும் வெவ்வேறு விஷயங்கள், கூட்டினால் எதுவுமே தெரியாமல் போய்விடும்.

ஆகவே ஐயா, விண்ணப்பப் படிவத்தில் அந்த ஒற்றைக் கட்டத்துக்குப் பதிலாக மாதவாரி அட்டவணை ஒன்றைச் சேர்க்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். எந்த ஆதாரத்திலிருந்து எவ்வளவு எடுக்கப்படும், எவ்வளவு திரும்பும், எந்த இடத்தில், என்ன வெப்பநிலையிலும் தரத்திலும் திரும்பும் என்பவை அதில் இருந்தால் போதும். நீர்வரத்து மிகக் குறைவாக உள்ள மாதத்தை வைத்தே அனுமதியின் அளவை முடிவு செய்ய வேண்டும். ஆறு உயிரோடு ஓடத் தேவையான நீரை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் பங்கிட வேண்டும்.

பெரிய குடிநீர், பாசன, கழிவுநீர்த் திட்டங்களுக்கு, குழாய் வாங்குவது முதல் கசடை அகற்றுவது வரையிலான வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டை ஒப்புதலுக்கு முன்பே கட்டாயமாக்க வேண்டும். திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு மின்சாரம், கசிவு, திரும்பும் நீரின் தரம் ஆகியவற்றை உண்மையில் அளந்து, அறிக்கையில் சொன்னதோடு ஒப்பிட்டு வெளியிடவும் வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாததால்தான் அறிக்கை எழுதும் எங்களைப் போன்றவர்களை யாரும் திரும்பக் கேள்வி கேட்பதில்லை.

சொந்த நிலத்துக்குக் கிணறு வெட்டும் சிறு விவசாயியிடமோ, ஒற்றை வீட்டுக்காரரிடமோ இவ்வளவும் கேட்கத் தேவையில்லை. அவர்கள் சார்பில் வடிநில அளவிலான கணக்கைத் துறையே போட்டு வைத்திருக்கலாம். பெரும் பயனாளிகள்மீதுதான் பொறுப்பு விழ வேண்டும். அந்த மதிப்பீடுகளை, தொழில்நுட்பம் அறியாதவர்களும் படிக்கும்படி எளிய தமிழில் சுருக்கி, முடிவு எடுப்பதற்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

மாதவாரி அட்டவணைக்கான மாதிரி ஒன்றைத் தயாரித்து இம்மனுவுடன் இணைத்துள்ளேன். முதலில் நீர் நெருக்கடி மிகுந்த ஒரு வடிநிலத்தில் மட்டும் இதைச் சோதனையாக நடைமுறைப்படுத்தலாம். தாங்கள் நேரம் ஒதுக்கினால் நேரில் வந்து விளக்கவும், அந்தச் சோதனைக்கு ஊதியமின்றி உதவவும் தயாராக இருக்கிறேன். இம்மனுவின்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: மாதவாரி நீர் வரவு செலவு அட்டவணை – மாதிரிப் படிவம்