ஒசாகாவில் ஊவாத் தேயிலை

ஒசாகா,
ஒக்டோபர் மாதக் கடைசி.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் அப்பாயியும் தம்பியும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். தம்பியைக் கொண்டு நீங்கள் எழுதுவித்த கடிதம் கிடைத்தது. வேளைக்குச் சாப்பிடுகிறேனா, மெலிந்துவிட்டேனா என்று அதில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் எதையெல்லாம் சாப்பிட்டேன் என்று எழுதினாலே உங்கள் கவலை தீர்ந்துவிடும்.

கைப்பையில் எந்நேரமும் இனிப்பு வைத்திருந்து, ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்களின் கையில் ஒன்றைத் திணிக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எனக்கு அன்று விடுமுறை என்று தெரிந்ததும் அவர் என்னை உமேதாவிலுள்ள ஹன்க்யூ என்ற பெரிய கடைக்கு அழைத்துச் சென்றார். ரயில் கம்பனிக்காரரே தமது நிலையத்தை ஒட்டி 1929இல் திறந்த கடை அது. இலையுதிர் காலத்தில் அதன் ஒன்பதாம் மாடியில் பிரித்தானிய உணவுச் சந்தை நடக்கிறது. இப்படிப்பட்ட சந்தைகளை மேல் மாடியில் வைத்தால்தான் வந்தவர்கள் இறங்கும்போது மற்ற மாடிகளிலும் ஏதாவது வாங்குவார்கள் என்று பாட்டி விளக்கினார்.

ருசி பார்க்கக் கொடுப்பதில் இவர்கள் காட்டும் மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது. வாங்குவாயா என்று முகத்தைப் பார்க்காமல், பல்குச்சியில் குத்திய துண்டை இரு கையாலும் நீட்டுகிறார்கள். ஸ்கோன் என்ற மாப்பண்டத்தைத் துண்டாக்கி, ஜாமும் கெட்டிப் பாலேடும் வைத்துத் தந்தார்கள். பாலைச் சிறு தீயில் நெடுநேரம் சூடாக்கி, ஆறவிட்டு, மேலே கட்டும் ஏட்டை வழித்தெடுப்பார்களாம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஏட்டை முதலில் தடவி அதன்மேல் ஜாமை வைப்பார்கள், பக்கத்துக் கோர்ன்வாலில் ஜாம்தான் முதலில். வெண்ணெய் மணக்கும் ஸ்கொட்லாந்து பிஸ்கட் நாக்கில் வைத்ததும் உதிர்ந்தது, அப்பாயிக்குப் பல்லில்லாவிட்டாலும் சாப்பிடலாம். நீலப் பூஞ்சணம் ஓடிய ஸ்டில்டன் சீஸை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை, பாட்டி என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அதற்கடுத்ததுதான், அம்மா, தேயிலைக் கடை. தகர டப்பாக்கள் அடுக்கிய மேசைக்குப் பின்னால் இலங்கைப் படம் மாட்டியிருந்தது, அதில் பதுளையும் அப்புத்தளையும் சிறு புள்ளிகளாக இருந்தன. நம் ஊவா, இந்தியாவின் டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றை ஜப்பானியர் உலகின் மூன்று பெருந்தேயிலைகள் என்று போற்றுகிறார்கள். ஆடி ஆவணியில் நம் பக்கம் வீசும் காய்ந்த கச்சான் காற்றில்தான் அந்தத் தனி வாசம் ஊறுகிறது என்று கடைக்காரப் பெண் சொன்னபோது, அந்தக் காற்றில் உதடு வெடித்து, இடுப்பில் படங்கு கட்டி நீங்கள் மலைக்குப் போவதுதான் கண்ணில் வந்தது. பாட்டி சந்தை முழுவதும் கேட்கும்படி, "இந்தப் பிள்ளையின் அம்மா பறிக்கும் இலை இது!" என்றார். அந்தப் பெண் கையிலிருந்த கேத்தலை வைத்துவிட்டு, எனக்கு, அதாவது உங்களுக்கு, குனிந்து வணக்கம் சொன்னாள்.

தந்தது ஒரு வாய்த் தேநீர்தான். நாம் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக் குடிக்கும் டஸ்டுப் பிளேன்டீயில் அந்த வாசம் ஒரு நாளும் இருந்ததில்லை. நல்லதெல்லாம் கப்பலேறிவிட, பறித்த நீங்கள் அதை ருசித்ததே இல்லை என்ற எண்ணம் தொண்டையை அடைத்தது. 50 கிராம் டப்பா 1,500 யென், உங்களுடைய ஏறக்குறைய இரண்டு நாள் சம்பளம். அறையில் வைக்க இடம் குறைவு என்பதால் வாங்கவில்லை. பாட்டியும் வற்புறுத்தவில்லை. பஞ்ச காலத்தில் இதே கடையின் சாப்பாட்டு மண்டபத்தில் வெறும் சோற்றை வாங்கி, மேசையிலிருக்கும் சோஸை ஊற்றிச் சாப்பிட்டவர்களை, கடையை நிறுவிய கோபாயாஷி இச்சிஸோ விரட்டாமல் வரவேற்றார் என்று தம் தகப்பனார் சொன்ன கதையைத் திரும்பும் வழியில் சொன்னார்.

இரவில் கண்ணை மூடினால் நம் லயத்து இஸ்தோப்பும், கொழுந்துக் கறை ஏறிய உங்கள் விரல்களும்தான் வருகின்றன. உங்கள் கையால் ஒரு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது. அதற்காக நீங்கள் அழ வேண்டாம்.

அப்பாயியின் கண் சத்திரசிகிச்சைக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியை இனியும் தள்ளிப்போட வேண்டாம், சின்ன மாமாவைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இந்த மாதப் பணம் சிறிது பிந்தும், தம்பியின் டியூஷன் காசை மட்டும் முதலில் அனுப்பிவிடுவேன். கூரைத் தகரத்தைத் தைக்குப் பிறகு மாற்றலாம், அதுவரை அடுப்படிப் பக்கம் படங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்சிக்காரர் போன் எடுத்தால் அப்பா எதுவும் பேச வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன். அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று அடுத்த கடிதத்தில் தம்பியை விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்.