கணினி முழங்காலும் உன் புது வேலையும்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, மருந்து ஒழுங்காகப் போடுகிறா. போனில் கதைத்தால் நான் தொடங்க முதலே அம்மா வாங்கிப் பேரனோடு கொஞ்சத் தொடங்கிவிடுவா. அதனால்தான் எழுதுகிறேன். தம்பி படமெடுத்து வட்சப்பில் அனுப்புவான்.

நீ இரண்டு விஷயம் கேட்டாய். எனக்குக் கணினி வைத்த முழங்கால் வாங்கித் தரவா என்பது ஒன்று, மூளை அலை பார்க்கிற நெற்றிப்பட்டி செய்கிற அந்தப் புதுக் கொம்பனியில் சேரலாமா என்பது மற்றது. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

முதலில் முழங்கால். எனக்கு விருப்பம்தான். “இருக்கிற கால் காணும்” என்று நான் சொல்வேன், சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்திருப்பாய். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மடியுமா நிற்குமா என்று நினைத்து நினைத்து நடப்பது என்ன களைப்பு என்று மிதிவெடிக்குத் தொடையோடு காலைக் கொடுத்தவனுக்குத்தான் தெரியும். வயல் வரம்பில் ஆரோடும் கதைத்தபடி நடக்க என்னால் முடியாது. ஒட்டோபொக் என்ற ஜெர்மன் கொம்பனி 1997 இலேயே இப்படியான முழங்காலை வெளியே கொண்டுவந்துவிட்டதாம். உள்ளே இருக்கிற சின்னக் கணினி, கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு பாரம் விழுகிறது என்று ஒரு விநாடிக்குள் பல தடவை பார்த்து, இறுக்குவதா தளர்த்துவதா என்று தானே முடிவெடுக்கிறது. தடக்கினால் தாங்கிக்கொள்ளும். அதை வேண்டாம் என்று சொல்ல நான் முனிவர் இல்லை.

நீ அனுப்பிய கட்டுரைகளில் பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு கோடு போடுகிறார்கள். இழந்ததைத் திருப்பித் தருவது வைத்தியம், அதில் தப்பில்லை. இருப்பதற்கு மேலே கூட்டுவதில்தான் அறப் பிரச்சினை என்று. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மா அந்தக் கணினி முழங்கால் வீடியோவைப் பார்த்துவிட்டு, தன்னுடைய முழங்கால் நோவுக்கும் அதில் ஒன்று பூட்டலாமோ என்று கேட்டா. பகிடிக்குத்தான் கேட்டா. ஆனால் நாளைக்கு வலியில்லாமல் வெளியால் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறலாம் என்று ஒன்று வந்தால், அது வைத்தியமா, மேல்மிச்சமா? அறுபது தாண்டினவளுக்கு வைத்தியம், இருபது வயதுப் பொடியன் போட்டால் மேல்மிச்சம் என்று சொல்லலாமா? இந்தத் தர்க்கத்தை வைத்துப் பட்டிமன்றம் நடத்தலாம், ஆனால் என் காலுக்கு அது உதவாது.

நான் பார்ப்பது வேறு. உடம்பில் பூட்டின பிறகு சாவி ஆரிடம் இருக்கிறது?

என்னுடைய முதல் கால் வெண்புறா என்ற செயற்கைக் கால் நிலையத்தில் போட்டது. 2009 இல், கடைசிச் சண்டையில், அதோடுதான் மாத்தளன் வரை போனேன், உனக்குத் தெரியும். இப்போதிருப்பது யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் செய்தது. 1987 இல் தொடங்கின இடம். அந்தப் பாதத்தின் கதை உனக்குத் தொழில் ரீதியாகவே பயன்படும். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு சத்திரசிகிச்சை வைத்தியரும் சேர்ந்து செய்தது. வெளிநாட்டுப் பாதங்களுக்குச் சப்பாத்து வேண்டும், குந்த ஏலாது, சேற்றில் இறங்க ஏலாது. இவர்கள் றப்பரும் மரமும் வைத்து, வெறுங்காலோடு திரிகிற, நிலத்தில் சம்மணம் கொட்டுகிற சனத்துக்காக ஒன்றைச் செய்தார்கள். காப்புரிமையும் எடுக்கவில்லை. ஒருமுறை பட்டியின் திருகாணி கழன்றபோது பரந்தன் சந்தியில் சைக்கிள் கடைக்காரர்தான் வேறொன்று போட்டுத் தந்தார், காசும் வாங்கவில்லை.

நீ வாங்கித் தரப்போகிற முழங்காலை அந்தச் சைக்கிள் கடைக்காரர் தொட முடியாது. சரி, அது ஞாயம், அவர் கணினி படித்தவர் இல்லை. ஆனால் கொழும்பில் ஆராவது தொட முடியுமா? அல்லது கழற்றிப் பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு நான் கட்டிலில் இருக்க வேண்டுமா? கறண்ட் விஷயமும் இருக்கிறது. அதை ஓரிரு நாளைக்கு ஒருக்கா சார்ஜ் போட வேண்டும். 2025 மாசியில் பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து முழு இலங்கையும் இருண்டது உனக்கும் செய்தியில் வந்திருக்கும். என் நடை ஒரு குரங்கின் கையில் இருப்பது எனக்கு அவ்வளவு விருப்பமில்லை.

நீ அனுப்பினதில் இருந்த கண் விஷயத்தை வாசித்தபிறகு இரவு கனநேரம் நித்திரை வரவில்லை. அமெரிக்காவில் செக்கண்ட் சைட் என்ற கொம்பனி பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் ஆர்கஸ் என்ற கருவியைப் பொருத்தியது. உலகம் முழுக்க 350 பேர் வரை. வெளிச்சத்தையும் உருவத்தின் ஓரங்களையும் காட்டக்கூடியது. 2019 இல் கொம்பனி அந்தக் கருவியைக் கைவிட்டது, அடுத்த வருஷம் கொம்பனியே கவிழப் பார்த்தது. கண்ணுக்குள் இருக்கிற கருவி பழுதானால் திருத்த ஆளில்லை. ரீட்டா லெகெட் என்ற அவுஸ்திரேலியப் பெண்ணின் கதை இன்னும் மோசம். வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் கருவியை மூளையில் வைத்து, முதன்முறையாகப் பயமில்லாமல் வெளியே போய் வந்திருக்கிறா. 2013 இல் கொம்பனியிடம் காசு முடிந்தது, கழற்ற வேண்டும் என்றார்கள். வீட்டை ஈடு வைத்தாவது வாங்கிக்கொள்கிறேன் என்று அவவும் கணவரும் கேட்டிருக்கிறார்கள். சரிவரவில்லை, கழற்றியாயிற்று. லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்தைக் கட்டுக்காசு பிந்தினால் வந்து சீஸ் பண்ணிக்கொண்டு போகிற மாதிரி, ஒருத்தியின் தலைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இப்போது உன் வேலை. அந்த நெற்றிப்பட்டி மூளையின் மின் அலையைப் பிடிக்கும், செயற்கை நுண்ணறிவு அதைப் பார்த்து ஆள் கவனமாக இருக்கிறாரா, கண் சொருகுகிறதா என்று சொல்லும், களஞ்சியசாலைகளில் வேலை செய்கிறவர்கள் “விரும்பினால்” போடலாம். இப்படித்தானே எழுதியிருந்தாய்? வன்னியில் “விரும்பினால்” என்ற சொல்லை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். சண்டை முடிந்த கையோடு நுண்கடன்காரர் வீடு வீடாக வந்தபோது ஆரும் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை. கணவனை இழந்து, வீடு அரைவாசியில் நிற்க, பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசில்லாமல் இருந்த பெண்கள் தாங்களாகத்தான் வைத்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். கிழமை தவறாமல் முற்றத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்போது அந்த விருப்பம் எங்கே போனதென்று நீயே பார்த்தாய். இங்கே விடிய முதல் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகளிடம் நாளைக்கு இந்தப் பட்டியை நீட்டினால், எத்தனை பேர் மாட்டேன் என்பார்கள்? போட்டவளுக்கு ஐந்நூறு ரூபாய் கூட என்றால் போடாதவளின் கதி என்ன?

கருவி சரியாகச் சொல்லுமா என்பதும் இருக்கிறது. ஜோய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018 இல் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருட்களைச் சோதித்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களிடம் பிழை 0.8 வீதத்தைத் தாண்டவில்லை, கறுத்தத் தோல் பெண்களிடம் 34.7 வீதம் வரை போனது. உன் பட்டியை ஆருடைய தலைகளில் வைத்துப் பழக்கினார்கள் என்று கேள். எண்ணெய் வைத்துப் பின்னிய தலை ஒன்றாவது அதில் இருந்ததா?

இன்னொன்று, ஆர் காசு போடுகிறார்கள் என்று பார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா நிறுவனம் 2006 இலிருந்து செயற்கைக் கைக்குப் பணம் கொடுத்து நல்ல கை ஒன்று வந்தது, மறுக்கவில்லை. அதே நிறுவனம் 2018 இல் காயமே படாத சிப்பாய்களின் மூளையை வெளியிலிருந்து இயந்திரத்தோடு இணைக்கிற திட்டத்தையும் தொடங்கியது, பறக்கிற ஆளில்லா விமானங்களையும் மனத்தால் இயக்க வேண்டுமாம். வண்டு என்று நாங்கள் சொன்ன வேவு விமானத்தின் இரைச்சல் கேட்டாலே பங்கருக்குள் ஓடின பிள்ளை நீ. மேலே சுற்றினதை அப்போது எங்கோ இருந்து ஒரு மனுசன் கையால் இயக்கிக்கொண்டிருந்தான். இனி அவன் கையை அசைக்கவும் தேவையில்லாமல் போகலாம் என்கிறார்கள்.

நான் எல்லாத்துக்கும் எதிரி என்று எழுதிவிடாதே. மாங்குளத்தில் முள்ளந்தண்டு அடிபட்டவர்கள் சேர்ந்து நடத்துகிற உயிரிழைக்குப் போயிருந்தபோது, நியூராலிங்க் என்ற அமெரிக்கக் கொம்பனி 2024 தையில் முதல் ஆளுக்கு மூளைக்குள் கருவி வைத்ததைப் பற்றிக் கதைத்தோம். தோளுக்குக் கீழே அசைவில்லாதவர் நினைத்தே சதுரங்கம் விளையாடினார் என்றதும் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர், “முதலில் படுக்கைப்புண் வராத மெத்தை தரச் சொல்லுங்கோ, சேர்” என்றார். எல்லோரும் சிரித்தோம். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

சட்டங்கள் மெல்ல மெல்ல வருகின்றன. சிலி 2021 இல் மூளைத் தரவைப் பாதுகாக்க அரசியலமைப்பையே திருத்தியது. 2023 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒரு முன்னாள் செனட்டரின் மூளை அலைத் தரவை அழிக்கும்படி எமோட்டிவ் என்ற கொம்பனிக்கு உத்தரவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 மாசியிலிருந்து, மருத்துவம், பாதுகாப்புத் தவிர்ந்த காரணங்களுக்கு வேலையிடத்தில் ஆட்களின் உணர்ச்சியைக் கணிக்கும் நுண்ணறிவுக்குத் தடை. உன்னுடைய கொம்பனி “பாதுகாப்பு” என்ற வாசலால் நுழையப் பார்க்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

வேலையை எடுக்காதே என்று சொல்ல மாட்டேன். உனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். கையெழுத்து வைக்க முதல் எழுத்தில் கேள்: பட்டி போட மறுத்தவருடைய பெயர் மேலாளருக்குத் தெரியுமா? வேலையை விட்டுப் போகிறவர் தன் தரவை அழிக்கச் சொல்லலாமா? கொம்பனி விற்கப்பட்டால் அந்தத் தரவு ஆருடையது? முழங்கால் விற்பவர்களிடமும் கேள்: பத்து வருஷத்துக்கு உதிரிப்பாகம் கிடைக்குமா, பற்றரி இறங்கினால் பூட்டின நிலையில் நிற்குமா, மென்பொருள் புதுப்பிக்காவிட்டாலும் நடக்கலாமா? கடைசிக் கேள்விக்கு ஓம் என்று எழுதித் தந்தால், அளவெடுக்க நான் கொழும்புக்கு வருவேன், தம்பி கூட்டிக்கொண்டு போவான்.

அவர்கள் எழுதுகிற பதிலை அப்படியே அனுப்பு. இங்கிலிஷ் என்றாலும் காரியமில்லை. மருமகனுக்கும் பேரனுக்கும் எங்கள் அன்பு. ஒடியல் மா பார்சலில் வருகிறது, அம்மா முந்தநாள்தான் போட்டா.

இப்படிக்கு,
அப்பா