ரெக்சின் விஷயமாக ஒரு கடிதம்

தாம்பா, புளோரிடா

அன்புள்ள செல்வம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் நான்கு மாதங்களைக் கடத்திவிட்டேன். திட்டுவதென்றால் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. இங்கே அனைவரும் நலம். அங்கும் நலம் என்று உன் மகன் சொன்னான். சர்க்கரை அளவை நீயும் கேட்காதே, நானும் கேட்கவில்லை.

இப்போது எழுதுவது ரெக்சின் விஷயமாக. சீட் தைக்கும் கடைக்காரனான உன்னைவிட்டால் இதைக் கேட்க எனக்கு வேறு நாதி கிடையாது. முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: சென்ற வசந்தத்தில் 19 அடி நீளமுள்ள பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கினேன். தெப்பக்குளத்தில் மூன்றாம் படிக்குக் கீழே இறங்காதவன் கடலில் படகு விடுகிறானா என்று நீ கடைத்தெரு முழுவதும் பறைசாற்றிவிடுவாய் என்பதால்தான் சொல்லவில்லை. படகு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் அதன் இருக்கைகள். 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயலும் சரியாக 13 நாள் கழித்து மில்டன் புயலும் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டபோது, முந்தைய சொந்தக்காரர் அதன் மேலுறை கிழிந்ததைக்கூடப் பார்க்காமல் ஊரைவிட்டுப் போயிருந்தார். பல மாதங்கள் மழையும் வெயிலும் மாறி மாறிக் குடித்த வெள்ளை இருக்கைகள், நான் பார்த்தபோது கரும்புள்ளிகளோடும் பழுப்புப் படலத்தோடும் கிடந்தன.

இவ்வூர்க் கடையில் இதற்கென்றே இரண்டு அலமாரிகள் இருக்கின்றன. ஒன்றில் காருக்கான புட்டிகள், மற்றொன்றில் படகுக்கான புட்டிகள். உள்ளே இருப்பது என்னவோ ரெக்சினைத் துடைக்கும் திரவம்தான். ஆனால் லேபிளில் ஒரு நங்கூரத்தை வரைந்துவிட்டால் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது. என் கை எந்த அலமாரிக்குப் போயிருக்கும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாஷ்போர்டில் அடித்தால் கண்ணாடிபோல் மின்னும் என்று போட்டிருந்த ஒரு கார் பாலிஷை வாங்கிவந்து, இருக்கை முழுவதும் தாராளமாகப் பூசி, எட்ட நின்று ரசித்தேன். பழைய அம்பாசடருக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டு உன் அப்பா எட்ட நின்று ரசித்தாரே, அதே ரசிப்பு. அந்த எண்ணெய் ஒட்டிய வள்ளியூர்க் கல்யாணத்துப் பட்டுப்புடவைகள் அப்போதே என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. மறுநாள் என் மனைவி படகில் ஏறினாள். காருக்கும் படகுக்கும் உள்ள முதல் வேறுபாட்டை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காரில் இருக்கை உட்காருவதற்கு மட்டும்தான். படகில் அதுவே படியும் ஆகும். துறையிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் கால் வைப்பது அதன்மேல்தான். அவள் கால் வைத்தாள், வழுக்கினாள், கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு உடையவில்லை; மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தாள். தலை பட்டிருக்க வேண்டிய இடம் அரை அடி தள்ளியிருந்த எஃகுக் கம்பி. இதை எழுதும்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவள் ஒரு வார்த்தையும் குற்றம் சொல்லவில்லை என்பதை நம்பாதே. நிறையச் சொன்னாள், அத்தனையும் நியாயம்.

பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு புட்டியின் பின்பக்கத்தையும் படித்தேன். அந்தப் பளபளப்பு சிலிகோன் எண்ணெய் தருவது. அது ரெக்சினுக்குள் போவதில்லை. மேலே படலமாக நின்று ஒளியைத் திருப்பியடிக்கிறது, காலையும் வழுக்கிவிடுகிறது. காரில்கூட ஸ்டியரிங்கிலும் மிதிகளிலும் அதைப் பூசக் கூடாது என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நம் கண்ணுக்கு எட்டாத அளவில் எழுதுவதுதானே எச்சரிக்கை.

அடுத்தது, 'கண்டிஷனர்' என்ற சொல். ஏலே, இதில்தான் நாம் இத்தனை காலமும் ஏமாந்திருக்கிறோம். தோலுக்கு எண்ணெய் விட்டால் அது குடிக்கும். ஏனென்றால் அது ஒரு காலத்தில் மாட்டின் உடம்பில் இருந்த நார். நாம் ரெக்சின் என்று சொல்வது துணியின்மேல் பூசிய பி.வி.சி. பிளாஸ்டிக், அதற்குக் குடிக்க வாய் கிடையாது. பி.வி.சி. தன் இயல்பில் தண்ணீர்க் குழாய்போல் விறைப்பானது. 1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்த வால்டோ செமன் என்பவர், சில கரைப்பான்களோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வளையும் என்று கண்டார். இன்று அந்த வேலையைச் செய்வது பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள். ரெக்சின் மென்மையாக இருப்பது அது உள்ளே இருக்கும்வரைதான். வெயிலும் சூடும் அதை மெல்ல மெல்ல வெளியேற்றுகின்றன; அது போகப் போக இருக்கை விறைத்து வெடிக்கிறது. புதுக் காரின் முன்கண்ணாடியில் உள்பக்கமாகப் படியும் மங்கலான பூச்சில் பெரும்பங்கு இப்படி வெளியேறிய சரக்குதான். வெளியே போனதை எந்தப் புட்டியாலும் திரும்ப உள்ளே ஊற்ற முடியாது. எண்ணெய் பூசினால் நிலைமை இன்னும் மோசம்; எண்ணெய் பிளாஸ்டிசைசரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். உன் அப்பாவின் அம்பாசடர் இருக்கை மூன்றே வருடத்தில் அப்பளம்போல் நொறுங்கியதற்கு மதுரை வியாபாரியைச் சபித்தோம். அந்த மனிதரிடம் இப்போதாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்.

ஆகவே செய்யக்கூடியது ஒன்றுதான்: உள்ளே இருப்பது வெளியேறும் வேகத்தைக் குறைப்பது. அதற்கு வெயிலைத் தடுக்க வேண்டும். இரண்டு அலமாரிகளையும் பிரிக்கும் நியாயமான கோடு ஒன்று இருக்குமானால் அது இதுதான். காருக்குக் கண்ணாடி இருக்கிறது; அதன் முன்கண்ணாடி புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆகையால் காருக்கான சரக்கைச் செய்கிறவன் தூசி ஒட்டாமை, பளபளப்பு, வாசனை ஆகியவற்றைப் பற்றித்தான் யோசிக்கிறான். திறந்த படகுக்கு மேலே வானம், கீழே வெயிலைத் திருப்பி எறியும் தண்ணீர். எனவே படகு ரெக்சினைச் செய்யும்போதே அதில் புறஊதாத் தடுப்பும் பூஞ்சைத் தடுப்பும் கலந்து, மேலே மெல்லிய பாதுகாப்புப் பூச்சு ஒன்றையும் கொடுத்துவிடுகிறார்கள். நம் வேலை அந்தப் பூச்சைச் சுரண்டாமல் இருப்பது.

அதைத்தான் நான் சுரண்டினேன். பாலிஷை எடுப்பதற்காகப் பாத்திரக் கறைக்கு விற்கும் வெள்ளை மெலமின் பஞ்சை வாங்கித் தேய்த்தேன். கறை மாயமாய்ப் போயிற்று. கூடவே மேற்பூச்சும் போயிற்று. அந்தப் பஞ்சு பார்வைக்கு மிருது, உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள். ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்கம் இப்போது உன் பழைய சைக்கிள் சீட்டைப்போல் மங்கிப்போய், தொட்ட அழுக்கையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, பிளீச் அடித்திருக்கலாமே என்றார். நல்லவேளை, அவர் பேச்சைக் கேட்கவில்லை. படகு அலமாரியில் இருக்கும் பூஞ்சை நீக்கிகள் சிலவற்றில் பிளீச்தான் முதன்மைச் சரக்கு. கரும்புள்ளி கண்ணெதிரே மறையும் என்பது உண்மை. சரியாகக் கழுவாமல் விட்டால் அது மேற்பூச்சையும் தையல் நூலையும் அரிக்கும் என்பதும் உண்மை.

இன்னொரு வேடிக்கையைக் கேள். இங்கே மாலையானால் கொசு. அதற்காக நாங்கள் உடம்பில் தெளித்துக்கொள்ளும் டீட் கலந்த மருந்தே பிளாஸ்டிக்கைக் கரைக்கும் குணமுள்ளது. அதைத் தெளித்துக்கொண்டு போய் ரெக்சினில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகின் வடிவம் அப்படியே பதியும். வெயிலுக்குப் பூசும் களிம்பும் கறையை விடுகிறது. ஆக, இருக்கைக்கு முதல் எதிரி நாங்கள்தான், கடல் அப்புறம்.

இதையெல்லாம் படித்த பிறகு நான் செய்த முடிவு உனக்குச் சிரிப்பைத் தரும். கழுவுவதற்கு எந்த அலமாரிக்கும் போகவில்லை. ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு, மிருதுவான பிரஷ், நன்றாக அலசல், பழைய துண்டால் துடைத்தல். ரெக்சின் செய்கிற நிறுவனங்களே பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்கின்றன. புட்டி விற்கிறவர்களுக்கு மட்டும் இது தெரிவதில்லை. 'சோப்புத் தண்ணியில கழுவிட்டுப் போவியா' என்று நீ உன் கடைக்கு வரும் ஆட்டோக்காரர்களிடம் எரிந்து விழுவாயே, அதைக் கற்றுக்கொள்ள எனக்கு எண்பது டாலர் ஆகியிருக்கிறது.

பாதுகாப்புப் பூச்சுக்கு மட்டும் பணம் செலவழித்தேன். அதிலும் நங்கூரத்தைப் பார்க்கவில்லை; புறஊதாத் தடுப்பு உண்டா, சிலிகோன் எண்ணெயும் பெட்ரோலியமும் இல்லையா என்று மட்டும் பார்த்தேன். 303 என்ற பெயரில் ஒன்று வருகிறது. காருக்கு ஒரு லேபிள், படகுக்கு ஒரு லேபிள். இரண்டையும் ஆளுக்கொரு இருக்கையில் பூசி, ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தேன். என் கைக்கும் கண்ணுக்கும் இரண்டும் ஒன்றாகவே பட்டன. பிசுபிசுப்பில்லை, மினுமினுப்பும் அதிகமில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும் என்பதுதான் தொல்லை. கால் வைக்கும் இருக்கைக்கு அதையும் பூசவில்லை; அந்த இடத்தில் என் மனைவியின் தீர்ப்பே இறுதியானது. எல்லாவற்றையும்விட அதிகம் உழைப்பது காற்றோட்டமுள்ள ஒரு மேலுறைதான் என்று இப்போது நினைக்கிறேன். அதையும், படகை விட்டு இறங்கும்போது மெத்தைகளை நிமிர்த்தி வைக்கும் பழக்கத்தையும் எந்தப் புட்டியும் ஈடுகட்டாது.

ஆனாலும் தோற்ற இடம் ஒன்று இருக்கிறது. பின் இருக்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஜா நிறத்தில் ஒரு கறை. மூன்று முறை கழுவியும் போகவில்லை. அது மேலே பட்ட கறை அல்ல என்று பிறகுதான் புரிந்தது. ஈரமான பஞ்சிலும் பின்துணியிலும் வளரும் நுண்ணுயிர்கள் ஒரு சாயத்தை உண்டாக்க, அது பிளாஸ்டிசைசரில் கரைந்து உள்ளிருந்து மேலே ஏறி வருகிறது. நம் சுவரில் ஓதம் ஏறுவதைப்போல. வெளியே துடைத்து என்ன பயன்? உறையைப் பிரித்து, பஞ்சை மாற்றி, புதிதாகத் தைக்க வேண்டியதுதான்.

இங்கே அதற்குக் கேட்கும் கூலியை எழுதினால் நீ கடையை மூடிவிட்டு விமானம் ஏறிவிடுவாய், ஆகவே எழுதவில்லை. படகு ரெக்சினை இங்கேயே வாங்கி, ஜனவரியில் வரும்போது பெட்டியில் கொண்டுவருகிறேன். வெட்டித் தைத்துக் கொடுப்பது உன் பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை: நீ வழக்கமாகப் போடும் நைலான் நூல் வேண்டாம். நைலான் வெயிலுக்குச் சீக்கிரம் இற்றுவிடும். வெயிலைத் தாங்கும் பாலியெஸ்டர் நூல் உருண்டை ஒன்றையும் சேர்த்தே எடுத்துவருகிறேன். உன் பெரிய மிஷினில் அந்தக் கனமான நூல் ஓடுமா, ஊசி மாற்ற வேண்டுமா என்று உடனே எழுது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீ தைப்பதில்லை, பையன்தான் தைக்கிறான் என்று கேள்விப்பட்டேன். பரவாயில்லை, அவன் தைக்கட்டும். ஆனால் பக்கத்தில் நீ உட்கார்ந்து திட்ட வேண்டும். திட்டாமல் தைத்த சீட் உன் கடையில் ஒன்றுகூடக் கிடையாது.

இருக்கையின் அளவுகளை மறுபக்கத்தில் வரைந்திருக்கிறேன். இடது மூலையின் வளைவு மட்டும் சரியாக வரவில்லை. அதற்குச் செய்தித்தாளில் ஒரு மாதிரி வெட்டித் தனியே மடித்து வைத்திருக்கிறேன்.

உன்
சங்கரன்